பேய் வலைகள்: கடலில் தொலையும் வலைக்கு என்ன வழி?

கடலில் சேரும் பிளாஸ்டிக் என்றதும் தண்ணீர் பாட்டிலும் கேரி பையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கரையில் நடப்பவர் கண்ணில் படுபவை அவைதான். நடுக்கடலின் கணக்கு வேறு. ஹவாய்த் தீவுகளுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே பசிபிக் கடலில் சுழன்றுகொண்டிருக்கும் குப்பைத் திரளை அளந்த ஆய்வாளர்கள் 2018-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அங்கே மிதக்கும் பிளாஸ்டிக்கின் மொத்த எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். கயிறு, மிதவை, கூடு என்று மற்ற மீன்பிடிச் சாமான்களையும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும்.

தொலைந்தும், கைவிடப்பட்டும், தூக்கி எறியப்பட்டும் கடலில் கிடக்கும் இந்த வலைகளைப் பேய் வலைகள் என்று அழைக்கிறார்கள். இழுக்க ஆள் இல்லாமலேயே அவை உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை எப்படித் தொலைகின்றன, தொலைந்தபின் என்ன செய்கின்றன, இதைக் குறைக்க எந்தெந்த வழிகள் பலன் தந்திருக்கின்றன, நம் கரையில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீனவரைக் குற்றவாளியாக நிறுத்தி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. வலை தொலைந்தால் முதல் நட்டம் அவருக்குத்தான். அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட இடங்களில்தான் வேலை நடந்திருக்கிறது.

எவ்வளவு தொலைகிறது?

ஆண்டுக்கு 6,40,000 டன் மீன்பிடிச் சாமான்கள் கடலில் சேர்வதாக ஒரு கணக்கு நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் 2009-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பரவிய எண் அது. அதற்கு உறுதியான அடித்தளம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதனால் அந்த எண்ணைக் கண்டால் எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

2022-இல் வெளியான ஒரு ஆய்வு மீனவர்களையே நேரில் கேட்டது. ஏழு நாடுகளில் சுமார் 450 மீனவர்களிடம் பேசி, உலகம் முழுவதற்கும் கணக்குப் போட்டார்கள். பயன்பாட்டில் உள்ள மீன்பிடிச் சாமான்களில் ஏறத்தாழ 2 சதவீதம் ஆண்டுதோறும் கடலில் தொலைகிறது என்பது அவர்கள் முடிவு. கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த 2 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். தொலையும் செவுள் வலைகளின் பரப்பு மட்டும் 2,963 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அப்படி ஏழு சென்னையை மூடும் அளவுக்கு வலை, ஒரே ஆண்டில். நெடுந்தூண்டிலின் தாய்க்கயிறு சுமார் 7,40,000 கிலோமீட்டர், அதாவது பூமியைப் பதினெட்டு முறை சுற்றும் நீளம். நண்டுக்கும் மீனுக்கும் வைக்கும் கூடுகள் இரண்டரைக் கோடிக்கு மேல்.

வலை எப்படித் தொலைகிறது?

வலை ஒரு மீனவக் குடும்பத்தின் முதலீடு. கடன் வாங்கி வாங்கியது, கிழிந்த இடத்தையெல்லாம் உட்கார்ந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றியது. அதை விரும்பிக் கடலில் விடுபவர் அரிது. பெரும்பாலான வலைகள் நான்கு காரணங்களால் தொலைகின்றன.

முதல் காரணம், கடலடியில் சிக்குவது. கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். பாரைச் சுற்றித்தான் மீன் கூடும். அதனால் வலையும் அங்கேதான் போகிறது. பாரில் மாட்டிய வலையை இழுத்தால் பாதி கிழிந்து மேலே வரும், மீதி அங்கேயே தங்கிவிடும். மூழ்கிய கப்பல்கள், பழைய நங்கூரங்கள், முன்பு தொலைந்த வலைகள் எல்லாமே வலையைப் பிடித்துக்கொள்பவைதான். ஒரு வலை தொலைந்த இடத்தில் அடுத்த வலையும் தொலைவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, காற்றும் கடலும். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது நீவாடு, அதாவது நீரோட்டம், மாறினால் வலை கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். புயல் வந்தால் கடலில் விட்டிருக்கும் வலையோடு கரையில் குவித்து வைத்த வலையும் சேர்ந்து போய்விடும். 2017-இல் ஒக்கியிலும் 2018-இல் கஜாவிலும் நம் கடற்கரை ஊர்கள் படகையும் வலையையும் சேர்த்தே இழந்தன.

மூன்றாவது, ஒரு தொழில் இன்னொரு தொழிலின் மேல் ஏறுவது. நாட்டுப்படகுக்காரர் இரவில் நண்டு வலையை அடியில் விட்டு வந்திருப்பார். அதே இடத்தில் விசைப்படகு இழுவை மடியை (பை போன்ற இழுவை வலையை) இழுத்துச் சென்றால், அடியில் கிடந்த வலை அறுந்து சுருண்டு இழுபட்டுப் போகும். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்ததே இந்த மோதலைத் தவிர்க்கத்தான். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் நம் பக்கத்து இழுவைப் படகுகளைப் பற்றிச் சொல்லும் முதல் முறையீடும் தங்கள் வலைகள் அறுபடுகின்றன என்பதுதான். இலங்கை 2017-இல் இழுவை மடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது. இப்படி அறுபட்ட வலைகளின் துண்டுகள் எந்த எல்லைக்கும் கட்டுப்படாமல் இரு கரைக்கும் நடுவே கடலில்தான் கிடக்கின்றன.

நான்காவது, தெரிந்தே போடுவது. பொத்த முடியாத அளவுக்குக் கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தால் அதை எங்கே போடுவது? பல துறைமுகங்களில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. படகில் இடம் அடைக்கிறது, கரையில் வாங்குவார் இல்லை. அறுத்துக் கடலில் விடுவது எளிதாகிவிடுகிறது. தடை செய்யப்பட்ட வலையைப் பயன்படுத்துபவர் ரோந்துப் படகைக் கண்டதும் அறுத்து விடுவதும் உண்டு.

இந்த நான்கையும் கவனித்தால் ஒன்று புரியும். முதல் மூன்றும் விபத்தும் போட்டியும். நான்காவது, வசதி இல்லாத குறை. நான்குக்கும் மருந்து ஒன்றல்ல.

தொலைந்த வலை என்ன செய்கிறது?

ஒரு செவுள் வலையை எடுத்துக்கொள்வோம். மேல் கயிற்றில் மிதவைகள், அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள், நடுவே தங்கூசி என்னும் மெல்லிய நைலான் இழையில் பின்னிய கண்கள். மிதவை மேலே தூக்க, ஈயம் கீழே இழுக்க, வலை தண்ணீருக்குள் ஒரு சுவராக நிற்கும். தங்கூசி தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. தலையை நுழைத்த மீன் பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும்.

இந்த வலை தொலைந்த மறுநாளும் அதே போலத்தான் நிற்கிறது. மீன் மாட்டுகிறது, எடுக்க ஆள் இல்லாததால் சாகிறது. செத்த மீனைத் தின்ன நண்டு வருகிறது, நண்டும் சிக்குகிறது. நண்டைத் தேடிப் பெரிய மீன் வருகிறது. பாரம் ஏற ஏற வலை சரிகிறது. மணல் தரையானால் சில மாதங்களில் சுருண்டு பந்தாகிவிடும், பாசியும் சிப்பியும் படிந்து மீன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், பிடிபடுவது குறையும். பாரின் மேலோ மூழ்கிய கப்பலின் மேலோ விழுந்த வலை அப்படிச் சுருளாது. விரிந்தபடியே நின்று நெடுங்காலம் கொல்லும். அலையும் வெளிச்சமும் குறைந்த ஆழ்கடலிலும் அப்படித்தான்.

கூட்டின் கதை இன்னும் மோசம். உள்ளே போன மீன் வெளியே வர முடியாமல் செத்து, அடுத்த மீனுக்குத் தானே இரையாகிறது. மீனவர் வைத்த இரை தீர்ந்த பிறகும் கூட்டில் இரை தீருவதில்லை.

மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர்களுக்கு வலை உடனடிச் சாவு. கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீருக்கு மேல் வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அது. அங்கே கடற்பசு மேயும் கடற்புல் மேடுகளின் மேல் கிடக்கும் ஒவ்வொரு வலைத்துண்டும் அந்த அறிவிப்புக்கு எதிரானது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் இதே துன்பம்தான். பாறையில் சுற்றிய வலை அலைக்கு அலை அசைகிறது. ஒவ்வொரு அசைவிலும் பவளத்தின் மெல்லிய உயிருள்ள தோலை அது உரசிக் கிழிக்கிறது. மூடிய இடத்தில் வெளிச்சம் படாமல் பவளம் வெளுக்கிறது. காயம்பட்ட இடத்தில் பாசி ஏறி அமர்ந்தால் அந்த இடம் மறுபடி பவளமாவது கடினம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்குளிப்பு ஆய்வாளர்கள் இந்தச் சேதத்தை நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

வலை விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதும் இல்லை. மாலத்தீவில் மீனவர்கள் சூரையைத் தூண்டிலும் கோலும் கொண்டு பிடிப்பவர்கள். பெரிய வலைகள் அங்கே வழக்கத்தில் இல்லை. ஆனாலும் அங்கே பங்குனி ஆமைகள் வலையில் சிக்கித் துடுப்பு அறுந்து மிதந்து வருகின்றன. 2013-இல் தொடங்கிய ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற அமைப்பு அங்கே இந்த வலைகளைச் சேகரித்து ஆராய்ந்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பருவக்காற்றோடு வேறு நாட்டுக் கடல்களிலிருந்து மிதந்து வந்தவை. ஒரு நாட்டில் தொலைந்த வலை இன்னொரு நாட்டு ஆமையைக் கொல்கிறது.

ஏன் மக்குவதில்லை?

அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்புவரை வலைகள் பருத்தி நூலிலும் சணலிலும் ஆனவை. மரப்பட்டைச் சாயம் ஏற்றி வெயிலில் காயவைத்து அவற்றைக் காப்பாற்றுவார்கள். கடலில் தொலைந்தால் சில மாதங்களில் மக்கிப் போகும். நைலான் வந்தபின் வலை இலேசாகி, உறுதியாகி, பாடு (பிடிபடும் மீனின் அளவு) கூடியது. மீனவருக்கு அது பெரிய விடுதலை. தொலைந்தால் மக்காது என்பது அதோடு சேர்ந்து வந்த விலை.

எல்லா வலையும் ஒரே பிளாஸ்டிக் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்பதற்கும் மறுசுழற்சிக்கும் அது முக்கியம். செவுள் வலையும் தங்கூசியும் நைலான். நைலான் கடல்நீரைவிடக் கனமானது, மிதவை போனால் அடியில் தங்கும். இழுவை மடி பெரும்பாலும் பாலித்தீன். கயிறுகளில் பல பாலிபுரொப்பிலீன். இவை இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. அறுந்தால் மிதந்து நீரோட்டத்தோடு போகும். பசிபிக் குப்பைத் திரளிலும் மாலத்தீவுக் கரையிலும் சேர்பவை இந்த வகைதான். தெர்மாகோல் மிதவையோ உடைந்து மணி மணியாக உதிர்ந்து மீனின் வயிற்றுக்குள் போகிறது.

வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும். நொறுங்குவது மக்குவதாகாது. பெரிய துண்டு சிறிய துண்டாகிறது, சிறிய துண்டு கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது, அவ்வளவுதான். வெயில் எட்டாத கடலடியில் அந்த நொறுங்கலும் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

முதல் வழி: தொலையாமல் பார்த்துக்கொள்வது

தொலைந்த வலையைத் தேடி எடுக்க முக்குளிப்பவர், படகு, எரிபொருள், நல்ல வானிலை எல்லாம் வேண்டும். தொலையாமல் தடுப்பது அதைவிடப் பலமடங்கு மலிவு. அதற்கான வழிகள் நான்கு.

ஒன்று, வலைக்கு அடையாளம். உலக நாடுகள் கூடி 2018-இல் உணவு வேளாண்மை அமைப்பின் வழியாக மீன்பிடிச் சாமான்களுக்கு அடையாளமிடுவது பற்றிய தன்னார்வ வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டன. வலையிலும் மிதவையிலும் படகின் பதிவு எண் இருந்தால், கண்டெடுத்தவர் உரியவரிடம் திருப்பித் தரலாம். வலை கிடக்கும் இடத்தைக் காட்டும் போயாவில் கொடியும் இரவு விளக்கும் இருந்தால், கடந்து போகும் விசைப்படகும் கப்பலும் விலகிச் செல்லும். அடையாளம் என்றதும் தண்டனைக்கு என்று மீனவர் நினைத்துவிட்டால் இந்தத் திட்டம் அன்றே தோற்றுவிடும். தொலைந்ததைத் திரும்பப் பெறுவதற்கு என்று அது அமைய வேண்டும்.

இரண்டு, இடமும் நேரமும் பிரிப்பது. அடியில் வலை கிடக்கும் நாளில் அங்கே இழுவை மடி ஓடக் கூடாது. பாக் நீரிணையின் நாள் பிரிப்பு போன்ற ஊர் ஏற்பாடுகளைச் சட்டம் தாங்கிப் பிடித்தால் அறுபடும் வலைகள் குறையும்.

மூன்று, பார் எங்கே இருக்கிறது என்ற அறிவைப் பகிர்வது. கரையிலுள்ள கோபுரத்தையும் மலையையும் கணியம் பார்த்துப் பாரின் இடத்தைச் சொல்லும் முதியவர்கள் இன்றும் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். இளையவர்கள் ஜி.பி.எஸ். கருவியில் புள்ளி வைத்திருக்கிறார்கள். வலை சிக்கிய இடங்களை ஊர்ச் சங்கம் தொகுத்து எல்லாப் படகுக்கும் கொடுத்தால், அடுத்தவர் வலை அங்கே போகாது.

நான்கு, அளவோடு வலை விடுவது. திரும்பி வந்து எடுக்க முடிந்த அளவுக்கு மேல் வலை விட்டால் ஒரு பகுதி தொலைவது உறுதி. மீன் குறையக் குறைய வலையின் நீளத்தைக் கூட்டும் போக்கு பல இடங்களில் இருக்கிறது. மீன்வளம் தேறாமல் இந்த நெருக்கடி குறையாது.

இரண்டாவது வழி: தொலைந்தாலும் கொல்லாத கூடு

அமெரிக்காவின் அலாஸ்காவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் நண்டுக் கூடுகளின் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் கட்ட வேண்டும் என்பது சட்டம். கூடு தொலைந்தால் அந்த நூல் சில மாதங்களில் மக்கி அறும். கதவு திறந்துகொள்ளும். உள்ளே போன நண்டு வெளியே வந்துவிடும். செலவு ஒரு துண்டு நூல் மட்டுமே. நம் கரையில் கூடு வைப்பவர்களும் நாளையே செய்யக்கூடிய மாற்றம் இது.

மக்கும் பிளாஸ்டிக்கில் வலை பின்னவும் முயன்றிருக்கிறார்கள். தென்கொரியா அப்படிப்பட்ட வலைகளை மீனவர்களுக்கு வழங்கியது. நார்வே கடலில் வைத்துச் சோதித்தது. நார்வேயின் சோதனைகளில் நைலானைவிட அவற்றில் மீன் குறைவாகவே பட்டது. பாடு குறையும் வலையை எந்த மீனவரும் விரும்பி வாங்க மாட்டார். இந்தத் துறையில் ஆராய்ச்சி தொடர வேண்டும். அதுவரை இதை முழுத் தீர்வாக நம்பிக் காத்திருக்க முடியாது.

மூன்றாவது வழி: கிடப்பதை எடுப்பது

நார்வே 1983 முதல் தொலைந்த வலைகளைத் தேடி எடுக்கும் பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது. அங்கே வலையைத் தொலைத்தவர் முதலில் தானே எடுக்க முயல வேண்டும், முடியாவிட்டால் இடத்தைச் சொல்லி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு படகு போகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் 2002 முதல் இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வலைகளை எடுத்திருக்கிறார்கள். தொலைந்ததைத் தெரிவிப்பவருக்கு அங்கே தண்டனை கிடையாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பணக் கணக்கில் தெளிவான சான்று வர்ஜீனியா மாநிலத்தின் செசபீக் விரிகுடாவிலிருந்து வருகிறது. அங்கே ஆறு குளிர்காலங்களில், தொழில் இல்லாத நாட்களில், நண்டு மீனவர்களுக்கே கூலி கொடுத்து 34,408 தொலைந்த கூடுகளை எடுக்க வைத்தார்கள். எடுத்ததன் பயனாக 13,504 டன் நண்டு கூடுதலாகக் கிடைத்தது, அதன் மதிப்பு 2.13 கோடி டாலர் என்று 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அடியில் கிடந்த கூடுகள் நண்டைக் கொன்றதோடு, மீனவர் வைத்த புதுக் கூடுகளோடு போட்டியும் போட்டுக்கொண்டிருந்தன. எடுத்ததும் பாடு ஏறியது.

எடுப்பதிலும் முறை உண்டு. மணல் தரையில் கொக்கி போட்டு இழுக்கலாம். பவளப்பாறையில் அப்படி இழுத்தால் வலையோடு பாறையும் பெயர்ந்து வரும். முக்குளிப்பவர் இறங்கி, வலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, காற்றுப் பைகளில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். வலையின் மேல் பவளம் வளர்ந்து மூடியிருந்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பயிற்சி இல்லாதவர்கள் ஆர்வத்தில் இறங்கினால், சிக்கிய வலையில் தாங்களும் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

நான்காவது வழி: பழைய வலைக்கு விலை

கிழிந்த வலைக்குக் கரையில் விலை கிடைத்தால் அது கடலுக்குப் போகாது. இது எளிய உண்மை. தென்கொரியா 2003 முதல், மீனவர்கள் கடலிலிருந்து கொண்டுவரும் குப்பையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறது. 2024 ஜனவரியில் இன்னொரு படி மேலே போய், கூடு வாங்கும்போதே முன்பணம் பிடித்து, பழைய கூட்டைத் திருப்பித் தரும்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ வலை தயாரிக்கும் நிறுவனத்தின் மேல் பொறுப்பை வைத்தது. பிளாஸ்டிக் கலந்த மீன்பிடிச் சாமான்களைச் சேகரித்துக் கையாளும் செலவை உற்பத்தியாளர் ஏற்க வேண்டும், 2024 முடிவுக்குள் இந்த ஏற்பாடு அமைய வேண்டும் என்று அது உறுப்பு நாடுகளுக்குக் காலக்கெடு வைத்தது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2017-இல் கொல்லம் சக்திகுளங்கரைத் துறைமுகத்தில் சுசித்வ சாகரம் என்ற திட்டம் தொடங்கியது. வலையில் வந்து ஏறும் பிளாஸ்டிக்கை மீண்டும் கடலில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவர மீனவர்களுக்குப் பைகள் கொடுத்தார்கள். கரையில் அதைக் கழுவி, அரைத்து, சாலை போடப் பயன்படுத்தினார்கள். தமிழக அரசும் சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை மீனவர்களிடம் விலைக்கு வாங்கும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறது.

வாங்கிய வலை என்ன ஆகும்? இங்கேதான் கைவேலை அதிகம். கிழிந்த ஒரு மடியைப் பிரித்துப் பார்த்தால், பாலித்தீன் வலை, பாலிபுரொப்பிலீன் கயிறு, நைலான் தையல் நூல், ஈயக்குண்டு, இரும்பு வளையம், மிதவை எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க வேண்டும். சிக்கிய சிப்பியையும் மணலையும் உதற வேண்டும். உப்பைக் கழுவ வேண்டும். பிரித்த பாலித்தீனை உருக்கி மணியாக்கி வேறு பொருள் செய்யலாம். நைலான் 6 என்ற வகையை இரசாயன முறையில் அதன் மூலப்பொருளாகவே மாற்றிப் புது நூல் இழுக்கலாம். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் அப்படித்தான் செய்கிறது. சிலி நாட்டு மீனவர்களிடம் வாங்கிய வலையிலிருந்து பியூரியோ என்ற நிறுவனம் ஸ்கேட்போர்டில் தொடங்கித் துணிக்கான நூல் வரை தயாரிக்கிறது.

இதில் வாசகர் மனதில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘கடல் வலையில் செய்த பொருள்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை துறைமுகத்தில் வாங்கிய பழைய வலையில் செய்தவை. கடலடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பாசி ஏறிய வலை மறுசுழற்சிக்கு உதவுவது அரிது. அதனால் மறுசுழற்சியின் உண்மையான பயன், வலை கடலுக்குப் போகாமல் தடுப்பதில் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்ப்பால் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு, பிளாஸ்டிக் வலையை வேண்டுமென்றே கடலில் போடுவதைத் தடை செய்கிறது. 1988 முடிவிலிருந்து நடப்பில் உள்ள விதி இது. முன்னெச்சரிக்கைகள் எடுத்தும் தற்செயலாகத் தொலைந்தால் விலக்கு உண்டு. கரையோரச் சிறு படகுகள்வரை அந்த விதியைக் கொண்டு சேர்ப்பது கடினம். நம் நாட்டில் பிளாஸ்டிக் உற்பத்தியாளரின் பொறுப்பைப் பற்றிய விதிகள் பேக்கேஜிங் பிளாஸ்டிக்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வலைக்கும் கயிற்றுக்கும் அந்தப் பொறுப்பை விரிக்க வேண்டும்.

நம் கரையில் செய்ய வேண்டியவை

மேலே சொன்னவற்றிலிருந்து நமக்குப் பொருந்துபவை ஐந்து.

ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் மீன் இறங்குதளத்திலும் பழைய வலைக்கு ஓர் இடமும் ஒரு எடைத் தராசும் வேண்டும். பணம் அங்கேயே, அப்போதே கையில் வர வேண்டும். காசிமேட்டில் தொடங்கியது நாகப்பட்டினத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் சின்னமுட்டத்துக்கும் போக வேண்டும். வலையைப் பிரிக்கும் வேலையை மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தால் அந்தக் கூலி ஊருக்குள்ளேயே தங்கும்.

வலையைத் தொலைத்தவர் பயமில்லாமல் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். எந்த இடம், என்ன வலை, எத்தனை துண்டு என்று மூன்று தகவல் போதும். தெரிவித்ததற்காக ஒருவர்மேலும் வழக்கு வரக் கூடாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், ஆட்களுக்கு வருமானம் குறைவு. வர்ஜீனியாவில் குளிர்காலத்தில் செய்ததை நாம் இந்த நாட்களில் செய்யலாம். மீனவர்களுக்கே கூலி கொடுத்து, மீன்வளத் துறையின் மேற்பார்வையில், தெரிவிக்கப்பட்ட இடங்களில் வலைகளை எடுக்கலாம். கடலடியை அவர்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

கூடுகளுக்குப் பருத்தி நூல் கதவு, போயாக்களுக்குப் பதிவு எண், இரண்டையும் மானியத்தோடு சேர்த்து நடைமுறைப்படுத்தலாம். வலை தயாரிப்பவரும் விற்பவரும் பழைய வலையைத் திரும்பப் பெறும் செலவில் பங்கு ஏற்க வேண்டும்.

கடற்கரைக்குப் போகும் நாமும் செய்யக்கூடியவை உண்டு. கரையில் ஒதுங்கிய வலையைக் கண்டால் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துப் போட்டு ஊர்க்காரர்களிடமோ உள்ளாட்சியிடமோ சொல்லுங்கள். தூண்டில் போடுபவர் அறுந்த தங்கூசியைக் கையோடு எடுத்து வாருங்கள். வலை சுற்றிய ஆமையைக் கண்டால் அவசரப்பட்டுக் கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம். கழுத்திலோ துடுப்பிலோ இறுக்கிய இழை உள்ளுக்குள் காயப்படுத்தியிருக்கும். ஆமையை நிழலில் வைத்து வனத்துறையை அழையுங்கள். பங்குனி ஆமையும் கடற்பசுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர்கள்.

வலை தொலைவதை முழுவதுமாக நிறுத்த முடியாது. கடலும் காற்றும் யார் கையிலும் இல்லை. தொலைவதைக் குறைக்கவும் தொலைந்ததை எடுக்கவும் முடியும் என்பதை மேலே சொன்ன இடங்கள் காட்டியிருக்கின்றன. அங்கெல்லாம் மீனவருக்குக் கூலியோ விலையோ பாதுகாப்போ கிடைத்தது, அதனால் வேலை நடந்தது. பழைய வலையைக் கடலில் விடுவதைவிடக் கரைக்குக் கொண்டுவருவது மீனவருக்கு இலாபமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சரிசெய்யும் கடமை அரசுக்கும், வலை விற்கும் நிறுவனங்களுக்கும், மீன் வாங்கிச் சாப்பிடும் நமக்கும் இருக்கிறது.